வியாழக்கிழமை போட்டது ஞாயிற்றுக்கிழமை ஏன் வந்தது? சமூக ஊடகத்தைக் காலவரிசையில் படிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியில் உள்ள பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் அத்தைக்கு வயது எழுபத்தொன்று. தோட்டப் பள்ளியில் அவருடன் ஒரே வகுப்பில் படித்த தோழி ஒருவர், சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை, எதிரே தீவில் உள்ள ஜார்ஜ்டவுனில் காலமானார். தோழியின் மகன் அன்று இரவு ஏழு மணிக்கே மரண அறிவிப்பைச் சமூக ஊடகத்தில் பதிவிட்டுவிட்டார். மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு வீட்டில் சடங்குகள் முடிந்து, நல்லுடல் பத்து லஞ்சாங் என்ற இடத்தில் உள்ள மின்சுடலைக்கு எடுத்துச் செல்லப்படும் என்ற விவரமும் அதில் இருந்தது. அத்தை வியாழன் இரவும் வெள்ளி காலையும் அதே செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார். சமையல் காணொளிகளும், யாரோ ஒருவர் வீட்டுத் திருமணப் படங்களும், எங்கோ நடந்த சாலை விபத்தும் கண்ணில் பட்டன. மரண அறிவிப்போ ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், நூற்றுக்கும் மேற்பட்ட அனுதாபச் செய்திகளோடு, திரையின் முதல் பதிவாக வந்து நின்றது.

"ஏன் தம்பி, வியாழக்கிழமை போட்டது எனக்கு ஏன் ஞாயிற்றுக்கிழமை வந்தது?" என்று அத்தை கேட்டார். பாலத்தைக் கடந்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, அறுபது ஆண்டுத் தோழியின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போன ஒருவர் கேட்ட கேள்வி அது. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணி நான் படித்தும் சோதித்தும் தெரிந்துகொண்டவற்றை, கைப்பேசியின் நுட்பங்களில் பழக்கம் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

சமூக ஊடகச் செயலியைத் திறந்தவுடன் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்பார்கள்; நாம் 'செய்தியோடை' எனலாம். உங்களுக்கு இருநூறு நண்பர்கள் இருக்கிறார்கள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள், நாளிதழ்கள், கடைகள் என்று நாற்பது பக்கங்களைப் பின்தொடர்கிறீர்கள், பத்துக் குழுக்களில் உறுப்பினராக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவு முதல் இன்று காலை வரை இவர்கள் எல்லோரும் சேர்ந்து நானூறு பதிவுகள் போட்டிருக்கக்கூடும். காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நீங்கள் பார்க்கப்போவது நாற்பது. அந்த நாற்பது எவை, எந்த வரிசையில் என்பதை யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும். வரிசை இல்லாத செய்தியோடை என்று ஒன்று கிடையாது.

அந்த வரிசையை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி காலவரிசை. கடைசியாகப் போடப்பட்ட பதிவு மேலே, அதற்கு முந்தியது அதன் கீழே, அதற்கும் முந்தியது இன்னும் கீழே. வீட்டில் நாளிதழ்களைப் படித்து முடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும்போது இன்றைய நாளிதழ் மேலேயும் போன வாரத்தினது அடியிலும் இருப்பதைப் போன்றது இது. கண்டிப்பாகச் சொன்னால் இதைத் தலைகீழ்க் காலவரிசை என்றே சொல்ல வேண்டும்; ஏனென்றால் நாட்குறிப்பில் பழையது முன்னாலும் புதியது பின்னாலும் வரும். பேச்சுவழக்கில் இரண்டையும் காலவரிசை என்றே சொல்கிறோம், இங்கும் அப்படியே சொல்கிறேன். புலனம் என்று நாம் அழைக்கும் வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தும் எவருக்கும் இது புதிதன்று. அங்கே உரையாடல்களின் பட்டியலில் கடைசியாகச் செய்தி வந்த உரையாடல் மேலே நிற்கிறது. உரையாடலுக்குள் சென்றால் யார் முன்னால் எழுதினார்கள், யார் பின்னால் எழுதினார்கள் என்பது அப்படியே தெரிகிறது.

இரண்டாவது வழி தரவரிசை. இங்கே நேரம் ஒரு காரணி மட்டுமே. ஒவ்வொரு பதிவுக்கும் செயலி ஒரு மதிப்பெண் கொடுத்து, அதிக மதிப்பெண் பெற்றதை மேலே வைக்கிறது. இந்தக் கணக்கைச் செய்யும் விதிமுறைத் தொகுப்பைத்தான் 'அல்காரிதம்', தமிழில் படிமுறை, என்கிறார்கள். இன்று நாம் பயன்படுத்தும் பெரிய செயலிகளில் பெரும்பாலானவை, நாம் எதையும் மாற்றாதவரை, தரவரிசையையே காட்டுகின்றன.

மதிப்பெண் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பது விளங்கினால்தான் அத்தைக்கு நேர்ந்தது விளங்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஃபேஸ்புக் தன் செய்தியோடையை 2006ஆம் ஆண்டு செப்டம்பரிலும், விருப்பப் பொத்தானை 2009ஆம் ஆண்டிலும் அறிமுகப்படுத்தியது. 2010ஆம் ஆண்டில் தன் வரிசை முறையை அந்நிறுவனம் வெளிப்படையாக விளக்கியபோது மூன்று காரணிகளைச் சொன்னது. பதிவிட்டவருக்கும் உங்களுக்கும் செயலிக்குள் எவ்வளவு நெருக்கம், அந்தப் பதிவுக்குக் கிடைத்த எதிர்வினை எத்தகையது, பதிவிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவையே அவை. இன்றைய முறை அதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. பழைய தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலின் துணையோடு எண்ணற்ற குறிப்புகளைப் பார்த்து, 'இந்தப் பதிவை இந்த மனிதரிடம் காட்டினால் அவர் விருப்பம் தெரிவிப்பாரா, கருத்து எழுதுவாரா, பகிர்வாரா, எத்தனை வினாடி நின்று பார்ப்பார்' என்று முன்கூட்டியே ஊகித்து, ஒவ்வோர் ஊகத்துக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டுகிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை.

புரிவதற்காக எளிய எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இவை எந்த நிறுவனத்தின் உண்மையான எண்களும் அல்ல. ஒரு விருப்பத்துக்கு 1 மதிப்பெண், ஒரு கருத்துக்கு 10 மதிப்பெண் என்று வையுங்கள். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு அத்தை செயலியைத் திறக்கிறார். அவரைப் போன்ற நூறு பேரிடம் ஒரு சமையல் காணொளியைக் காட்டினால் இருபது பேர் விருப்பம் தெரிவிப்பார்கள், மூவர் கருத்து எழுதுவார்கள் என்று படிமுறை ஊகிக்கிறது. 20, அதனுடன் 30, ஆக 50. மரண அறிவிப்பைப் பதிவிட்டவரோ தோழியின் மகன். அவருடைய பதிவுகளில் அத்தை இதுவரை ஒருமுறைகூட விரல் வைத்ததில்லை. ஆகவே செயலியின் கணக்கில் அவர் அத்தைக்கு அந்நியர். பதிவு வெளியாகி இரண்டு மணி நேரமே ஆகிறது, சிலர்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு விருப்பம், ஒரு கருத்து என்று ஊகம், ஆக 12. நானூறு பதிவுகளில் 12 மதிப்பெண் பெற்றது முந்நூறாவது இடத்தில் இருந்தால் யார் அவ்வளவு தூரம் கீழே போவார்கள்?

மரணச் செய்திக்கு இன்னொரு தடையும் உண்டு. சாவுச் செய்தியின் கீழே கட்டைவிரலை உயர்த்திக் காட்ட நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. ஃபேஸ்புக்கில் வருத்தத்தைக் காட்டும் முகக்குறி 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வந்தது. வந்த பின்னரும் நம் பெரியவர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. அவர்கள் தொலைபேசியில் பேசுகிறார்கள், நேரில் போகிறார்கள். மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்ளும் அந்த மௌனம், படிமுறையின் கணக்கில் ஆர்வமின்மையாகப் பதிவாகிறது.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் வீடு திரும்பி, வெள்ளி இரவும் சனிக்கிழமையும் ஒவ்வொருவராக அனுதாபம் எழுதத் தொடங்குகிறார்கள். அவர்களுள் ஐந்தாறு பேர் அத்தையின் நண்பர் பட்டியலிலும் இருப்பவர்கள். 'இவருடைய நண்பர்கள் எல்லோரும் கருத்து எழுதும் பதிவு இது, இவரும் எழுதுவார்' என்று படிமுறை இப்போது முடிவு செய்கிறது. மூன்று நாள் பழையது என்பதற்காக மதிப்பெண் குறைக்கப்பட்டாலும், குவிந்த கருத்துகளின் எடை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஞாயிறு காலையில் அறிவிப்பு முதலிடத்துக்கு வந்துவிட்டது. இது பழுது அன்று. எதற்காக அமைக்கப்பட்டதோ அதைத்தான் அந்தக் கணக்கு செய்தது. எந்தப் பதிவு நம்மைத் திரையில் நிறுத்தி வைக்கும் என்பதே அதற்கு இடப்பட்ட கேள்வி. எந்தப் பதிவு நாளை பிற்பகல் 2 மணிக்குள் நமக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது வேறொரு கேள்வி.

இந்த வேறுபாடு மரணச் செய்தியோடு நின்றுவிடுவதில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் திட்டமிட்ட நீர்த்தடை இருந்தபோது, எந்தப் பகுதிக்குத் தண்ணீர் திரும்பிவிட்டது, எந்தப் பகுதி இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது மணிக்கு மணி மாறியது. அத்தகைய நேரத்தில் முந்தாநாள் அதிகம் பகிரப்பட்ட பதிவைவிட, ஒரே ஒரு விருப்பம் பெற்ற பத்து நிமிடத்துக்கு முந்திய பதிவுதான் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வேண்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் மெக்காலிஸ்டர் சாலையை அடைந்துவிட்டது என்று யாரோ பதிவிடுகிறார்கள். உடைப்பதற்காகத் தேங்காய்களைக் குவித்து வைத்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அச்செய்தி ஆறு மணி நேரம் கழித்துக் கிடைத்து என்ன பயன்? கடைசி தேதியுள்ள கல்வி உதவிநிதி அறிவிப்பு, தமிழ்ப்பள்ளியின் பதிவு நாள், இரத்த தான முகாம் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். காலாவதித் தேதி உள்ள செய்திகளுக்குத் தரவரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் தரவரிசை ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ட்விட்டரும், 2010ஆம் ஆண்டு அக்டோபரில் பிறந்த இன்ஸ்டாகிராமும் தொடக்கத்தில் காலவரிசையையே காட்டின. ட்விட்டர் 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் தரவரிசையைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமும் அந்த வழியில் செல்லப்போவதாக அறிவித்தது. மக்கள் தங்கள் செய்தியோடையில் சராசரியாக 70 விழுக்காட்டைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது அப்போது இன்ஸ்டாகிராம் சொன்ன காரணம். நாம் பின்தொடரும் கணக்குகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, நெருங்கிய உறவினரின் ஒரே ஒரு பதிவு நூறு கடைகளின் பதிவுகளுக்கு அடியில் புதைந்துபோகும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதிக நேரம் திரையில் நின்றால் அதிக விளம்பரம் பார்ப்போம் என்ற வணிகக் கணக்கும் அதனுடன் சேர்ந்தே இருந்தது.

பின்னர் நிலைமை மெல்லத் திரும்பியது. ட்விட்டர் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அண்மைய பதிவுகளுக்கு மாறிக்கொள்ளும் பொத்தானை வைத்தது. ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, காலவரிசைக்குத் திரும்புவதை வெளிப்படையாக ஆதரித்தார். இன்ஸ்டாகிராம் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் காலவரிசையில் பார்க்கும் இரண்டு பகுதிகளைச் சேர்த்தது. அதே ஆண்டு ஜூலையில் ஃபேஸ்புக் 'ஃபீட்ஸ்' என்ற தனிப்பகுதியைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னிலக்கச் சேவைகள் சட்டம், அங்கே மாதம் 4 கோடியே 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள், தனிமனிதத் தகவல்களைக் கொண்டு கணிக்காத ஒரு தேர்வையாவது பயனருக்குத் தர வேண்டும் என்று விதிக்கிறது. மிகப் பெரிய தளங்களுக்கு அது 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அது அங்குள்ள பயனர்களுக்கான உரிமை. மலேசியாவில் உள்ள நாம், நிறுவனங்கள் தாமாக வைத்திருக்கும் பொத்தான்களைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொத்தான்கள் எங்கே இருக்கின்றன

அத்தையின் கைப்பேசியில் முதலில் ஃபேஸ்புக்கைத்தான் மாற்றினோம். மூன்று கோடுகளோ நம் சிறிய முகப்படமோ உள்ள இடத்தைத் தொட்டால் பட்டியல் ஒன்று திறக்கும். அதில் 'ஃபீட்ஸ்' என்பதைத் தேடித் தொட வேண்டும். முதலில் கண்ணில் படாவிட்டால் 'மேலும் காட்டு' என்ற பொருளில் உள்ள வரியைத் தொட்டால் வெளிப்படும். உள்ளே எல்லாம், விருப்பத்துக்குரியவை, நண்பர்கள், குழுக்கள், பக்கங்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். நண்பர்கள் பிரிவைத் தொட்டால் நண்பர்களின் பதிவுகள், புதியது மேலாக வரும். நாம் கேட்காமலே செயலி பரிந்துரைக்கும் பதிவுகள் அங்கே வருவதில்லை, விளம்பரங்கள் வரும். விருப்பத்துக்குரியவை பிரிவில் 30 பேர் அல்லது பக்கங்கள் வரை நாமே சேர்த்துக்கொள்ளலாம். அத்தைக்கு அதில் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், தோட்டத்துத் தோழிகள் நால்வர், ஒரு கோயில் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தேன். அதுவரை நண்பர் பட்டியலில் இல்லாத, மற்றத் தோழிகளின் பிள்ளைகளையும் தேடிச் சேர்த்தது அன்று நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை. ஏனென்றால் எழுபது வயதுக்காரர்களின் செய்திகளைப் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள்தாம் பதிவிடுகிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் முகப்புப் பக்கத்தின் மேலே உள்ள அதன் பெயரெழுத்தைத் தொட்டால் 'ஃபாலோயிங்', 'ஃபேவரிட்ஸ்' என்ற இரண்டும் விரியும். முன்னது நீங்கள் பின்தொடரும் எல்லோரும்; பின்னது நீங்கள் தேர்ந்தெடுத்த 50 கணக்குகள் வரை. இங்கே ஒரு குறை உண்டு, முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது. செயலியை மூடி மறுபடி திறந்தால் அது மீண்டும் தரவரிசைக்கே போய்விடும். ஒவ்வொரு முறையும் நாமே தொட வேண்டும். ஃபேஸ்புக்கிலும் முகப்பு எப்போதும் தரவரிசைதான். வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் மட்டும் நிலை மேலானது. அதன் அமைப்புகளில், கணக்கு விருப்பங்களின் கீழ், அண்மைய பதிவுகளை முதலில் காட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது.

ட்விட்டரின் இன்றைய பெயரான எக்ஸில் 'ஃபார் யூ', 'ஃபாலோயிங்' என்ற இரண்டு தலைப்புகள் மேலே நிற்கும். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த ஏற்பாடு இது. இரண்டாவதைத் தொடுங்கள், அதற்குள்ளும் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் அம்புக்குறி தென்பட்டால் அண்மையவை என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபில் சந்தா செலுத்தியவை போன்ற பொருளில் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்றிருக்கும் பகுதிதான் நாம் பின்தொடரும் அலைவரிசைகளுக்கு உரியது. பணம் எதுவும் கட்ட வேண்டாம். பெயரைக் கண்டு சிலர் தயங்குகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஃபேஸ்புக் குழுக்களுக்குத் தனி வரிசை உண்டு, அதில் ஒரு நுணுக்கமும் உண்டு. குழுவுக்குள் சென்றால் பதிவுகளை எந்த முறையில் வரிசைப்படுத்துவது என்று கேட்கும் இடத்தில் மூன்று தேர்வுகளைக் காணலாம். மிகப் பொருத்தமானவை என்பது தரவரிசை. புதிய பதிவுகள் என்பது உண்மையான காலவரிசை. அண்மைய செயல்பாடு என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. மூன்று மாதத்துக்கு முந்திய பதிவில் இன்று ஒருவர் புதிதாகக் கருத்து எழுதினால், அந்தப் பழைய பதிவு மேலே ஏறி வந்துவிடும். பழைய வாடகை வீட்டு விளம்பரத்தைப் புதியது என்று எண்ணி அழைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். காலவரிசை வேண்டுமென்றால் புதிய பதிவுகள் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருத்துகளுக்கும் இதே கதைதான், ஆனால் இதைப் பலர் கவனிப்பதில்லை. அத்தையின் தோழிக்கான அந்த அறிவிப்பை நான் பிற்பாடு பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். வெள்ளி காலை எட்டரை மணிக்கு மகன் கருத்துப் பகுதியில், நல்லுடல் எடுக்கப்படும் நேரம் 2 மணி அல்ல, 1 மணி என்று திருத்தம் எழுதியிருந்தார். அந்தத் திருத்தத்துக்கு ஒரே ஒருவர் விருப்பம் தெரிவித்திருந்தார். ஆகவே அது, நிறைய விருப்பங்கள் பெற்ற நீண்ட அனுதாபக் கருத்துகளுக்குக் கீழே, தானாக மறைக்கப்பட்ட கருத்துகளுக்குள் போய்விட்டது. கருத்துப் பகுதியின் மேலே உள்ள வரிசைச் சொல்லைத் தொட்டு, புதியவை முதலில் என்று மாற்றியிருந்தால் அது தெரிந்திருக்கும். பதிவிடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேரம் மாறினால் கருத்தில் எழுதாதீர்கள், மூலப் பதிவையே திருத்துங்கள்.

மாறிவிட்டதா என்று சோதிப்பது

மாற்றம் உண்மையிலேயே நடந்ததா என்பதைப் பார்க்க எவருடைய உதவியும் வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் நேரம் இருக்கும். மேலிருந்து கீழே பத்துப் பதிவுகளின் நேரத்தை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். 5 நிமிடம், 22 நிமிடம், 40 நிமிடம், 1 மணி, 3 மணி என்று வயது கூடிக்கொண்டே போனால் அது காலவரிசை. 22 நிமிடத்துக்கும் 40 நிமிடத்துக்கும் இடையில் 2 நாள் என்று ஒன்று புகுந்திருந்தால், அது விளம்பரமா என்று பாருங்கள். விளம்பரம் இல்லையென்றால் நீங்கள் இன்னும் தரவரிசையில்தான் இருக்கிறீர்கள். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த நேரங்களை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். காலவரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தரவரிசை ஏன் இதை மேலே வைத்தது என்று உங்களால் ஒருபோதும் சரிபார்க்க முடியாது. காலவரிசையை எழுபத்தொரு வயதில் ஒருவர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுகிறார்.

இன்னொரு வசதியும் உடனே தெரிந்தது. காலவரிசைக்கு ஒரு முடிவு உண்டு. நேற்று இரவு கடைசியாகப் படித்த பதிவு வந்துவிட்டால், அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. அத்தை ஒரு தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிப் படங்களைக் கண்டதும், "இது நேற்றே பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தார். தரவரிசையில் அந்த எல்லைக்கோடு இல்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும்.

காலவரிசையின் குறைகள்

இதை எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். முதல் குறை இரைச்சல். ஒரு நாளைக்கு முப்பது முறை பதிவிடும் கடை, மாதம் ஒருமுறை பதிவிடும் சித்தப்பாவைப் புதைத்துவிடும். தரவரிசை மறைத்து வைத்திருந்த குப்பை எல்லாம் காலவரிசைக்கு மாறிய முதல் நாளே முன்னால் வந்து நிற்கும். அதைக் கண்டு பலர் மறுநாளே பழையபடி திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்புவதற்கு முன், யாரைப் பின்தொடர்கிறோம் என்பதை ஒருமுறை களையெடுங்கள். உறவினரின் நட்பை முறிக்காமலேயே அவருடைய பதிவுகள் வராதபடி பின்தொடர்வதை மட்டும் நிறுத்தலாம், அது அவருக்குத் தெரியாது. ஃபேஸ்புக்கில் 30 நாளைக்கு மட்டும் ஒருவரை ஒதுக்கி வைக்கும் வசதியும் உண்டு; தேர்தல் காலத்தில் உணர்ச்சிவசப்படும் மாமாக்களுக்கு அது போதும்.

இரண்டாவது குறை நேர வேறுபாடு. நம்முடைய உறவுகள் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறார்கள். பினாங்கில் காலை 7 மணி ஆகும்போது தமிழ்நாட்டில் விடியற்காலை 4.30, இலண்டனில் குளிர்காலமாக இருந்தால் முந்தைய இரவு 11 மணி. ஆகவே காலையில் திறந்தவுடன் மேலே நிற்பவை இலண்டன் பிள்ளைகளின் இரவுப் பதிவுகள். நம்மூர்க் கோயில் முந்தைய இரவு 9 மணிக்குப் போட்ட அறிவிப்பு பத்து மணி நேரத்துக்கு அடியில் இருக்கும். மேலே உள்ள பத்தோடு நிறுத்தாமல் நேற்று விட்ட இடம் வரை இறங்கிப் போவது இதற்காகவும் அவசியம். அவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்க நேரமில்லாதவர்கள் கோயில், பள்ளி போன்ற முக்கியமான பக்கங்களுக்கு அறிவிப்பு மணியை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காலவரிசை என்பது உண்மையைச் சோதிக்கும் கருவி அன்று. 2020ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு பகுதிப் பயனர்களை மூன்று மாதங்கள் காலவரிசைக்கு மாற்றி ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முடிவுகள் 2023ஆம் ஆண்டு ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. மாற்றப்பட்டவர்கள் செயலியில் செலவிட்ட நேரம் குறைந்தது. ஃபேஸ்புக்கில் கண்ணியமற்ற பேச்சு கண்ணில் படுவதும் குறைந்தது. ஆனால் அரசியல் பதிவுகளும், நம்பத்தகாத மூலங்களிலிருந்து வரும் பதிவுகளும் கூடின. அவர்களுடைய அரசியல் மனப்பாங்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. புதியது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. பத்து நிமிடத்துக்கு முந்திய வதந்தியும் மேலேதான் நிற்கும்.

என் நடைமுறையைச் சொல்கிறேன். காலையும் மாலையும் முதலில் நண்பர்கள் பிரிவைக் காலவரிசையில் முடிக்கிறேன். அதற்குப் பிறகு நேரமும் மனமும் இருந்தால் முகப்புக்குப் போகிறேன். பொழுதுபோக்குக் காணொளிகளைத் தரவரிசையில் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, அவற்றுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கும் என் தங்கைக்கும் இதையே தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தேன். அவருடைய கைப்பேசியில் பட்டியலின் அமைப்பு சற்று வேறாக இருந்தது, ஆனாலும் 'ஃபீட்ஸ்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அத்தை அழைத்தார். செயலி புதுப்பிக்கப்பட்ட பிறகு பழைய இடத்தில் அந்தப் பொத்தான் இல்லை என்றார். ஏதோ பழுதாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. "நேரமெல்லாம் முன்னுக்குப் பின்னாக இருக்கு தம்பி, மூணு நாள் முந்தியது நடுவில் வருது" என்றார். பட்டியலை மறுபடி திறந்து கடைசி வரை இறங்கிப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது.